கடைக்கு ராசியான கண்

என் கொழுந்தனின் மகளுக்கு நான்கு வயது நிறைவதற்குள், அவளுடைய முகவாயைத் தூக்கிப் பார்க்காத கை எங்கள் கடைத்தெருவில் அநேகமாக இல்லை. தார் பூசிய கயிற்றைப் பிடித்த கை, கருவாட்டு மூட்டையைப் புரட்டிய கை, மூக்குப்பொடி போட்டுவிட்டு வேட்டியில் துடைத்த கை. எல்லாக் கைகளும் ஒரே விதமாகத்தான் நீண்டு வரும். கட்டைவிரல் கன்னத்தில் அழுந்தும்; சுட்டுவிரல் தாடைக்கு அடியில் போகும்; முகம் வெளிச்சத்தின் பக்கம் திருப்பப்படும். மாட்டுச்சந்தையில் பல் பார்ப்பவர்கள் அப்படிச் செய்வதைக் கண்டிருக்கிறேன். மாலையில் அவளைக் குளிப்பாட்டும்போது கன்னத்தில் யாருடையதோ ஒரு விரல் தடம் கறுப்பாக இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறை போகும், வாடை போகாது. அந்த வாடையோடுதான் அவள் என் மடியில் படுத்துத் தூங்குவாள்.

அவர்கள் பார்க்க வந்தது அவளுடைய இடது கண்ணை. அது மூக்கை நோக்கி உள்ளே திரும்பியிருந்தது.

என் மாமனார் குடும்பம் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துப் பனை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் தூத்துக்குடிக்கு வந்து கடை போட்டது. கயிறு, வலை, பெயின்ட், சங்கிலி, படகுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். தோணிக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும்தான் வாடிக்கை. மூத்த மகனான என் கணவர் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். நான் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தேன். இளையவரான கொழுந்தன் தகப்பனாரோடு கடையில் இருந்தார். அவருடைய மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டாள். எல்லோரும் ஒரே வீடு. பெரிய வீட்டில் ஒரே குழந்தை.

குழந்தைக்கு இரண்டு வயது கடந்தபின் அந்தக் கண் திரும்பத் தொடங்கியது. முதலில் களைப்பாக இருக்கும்போது மட்டும், பிறகு எப்போதும். அதே சமயத்தில் பெரிய தோணி ஒன்றுக்கு முழுக்கயிறும் எங்கள் கடையில் வாங்கினார்கள். இரண்டையும் முடிச்சுப் போட மாமனாருக்கு ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. மாறுகண் உள்ள பெண்குழந்தை வீட்டுக்குச் செல்வத்தைக் கொண்டுவரும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் பழையது. பெரும்பாலான வீடுகளில் அது வாய்ப்பேச்சோடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் அது வியாபாரமானது.

தினமும் காலையில் இட்லி சாப்பிட்டதும் அவளுக்குப் பொட்டு வைத்துக் கடைக்கு அழைத்துப் போவார்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மேசைமேல் உட்கார வைப்பார்கள். அன்றைய முதல் விற்பனையான போணி, அவள் கையால்தான் ஆக வேண்டும். வாங்க வந்தவரை அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கவும் வேண்டும். பார்வை சரியாகத் திரும்பவில்லையென்றால் முகவாய்க்குக் கை வரும்.

ஒரு காலை நான் கல்லூரிக்குப் போகும் வழியில் அவளுடைய தண்ணீர்ப் புட்டியைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எங்க ஒங்க லெச்சுமி? அவ மொகத்துல முழிக்காம நான் கயிறு எடுத்துட்டுப் போவ மாட்டேன். போன தடவ அப்பிடித்தான் போனேன், வல கிழிஞ்சுல்லா வந்துச்சு!"

"பொறும்வே, பிள்ள பிஸ்கட் திங்குதுல்லா," என்றார் மாமனார்.

"அது பாட்டுக்குத் திங்கட்டும். கண்ணு இங்கன பாக்கட்டும். ஏளா குட்டி, மாமாவப் பாரு. வலது கண்ணால இல்ல, அந்தக் கண்ணால!"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தாள், பெரியவர்கள் சிரித்தால் தானும் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் வெற்றிலைச் சாற்றைத் தெருவில் துப்பிவிட்டு வந்து அதே வாயால் அவளுடைய இமையின்மேல் முத்தமிட்டார். நான் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

படிக்காதவர்களின் பழக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. புதுவீடு குடிபுகுந்த வங்கி அதிகாரி ஒருவர் காரை அனுப்பி, பால் காய்ச்சும் நேரத்தில் அடுப்புக்கு எதிரே இவளை நிறுத்தச் சொன்னார். புகை கண்ணில் பட்டு அவள் இரண்டு கண்களையும் கசக்கியபோது, கையை எடுக்கச் சொல்லித் தங்கள் தட்டிலிருந்த லட்டைக் காட்டினார்கள். அந்த வீட்டின் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி முழுவதும் புத்தகங்கள் இருந்தன. ஒன்றும் பிரிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மாறுகண் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும் விஷயம். அந்தக் கண் பார்க்கிறதா என்பது வேறு விஷயம். இந்த இரண்டாவது கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை. நான் கேட்கத் தொடங்கியதற்குக் காரணம் மிகச் சிறிய சங்கதிகள். செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் டம்ளருக்கு வெளியே ஊற்றுவாள்; ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு டம்ளரை நகர்த்துவாள். மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்ப்பாள். தொலைக்காட்சி பார்க்கையில் முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணை முன்னால் கொண்டுவருவாள். பந்தை உருட்டினால் பிடிப்பாள். தூக்கிப் போட்டால் அது மார்பில் பட்டபிறகுதான் கையைச் சேர்ப்பாள். வீட்டில் இவற்றுக்கெல்லாம் விளக்கம் இருந்தது. தண்ணீர் கொட்டுவது குறும்பு. படியைத் தடவுவது பயம். முகத்தைச் சாய்ப்பது வெட்கம், பெண்பிள்ளைக்கு அழகு.

புத்தாண்டு நெருங்கிய சமயம். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க அச்சடித்த காலண்டர்கள் சுருள் சுருளாக வீட்டில் அடுக்கப்பட்டிருந்தன. அவள் ஒரு சுருளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தாள். அங்கிருந்து துறைமுகத்தின் பளுதூக்கிகளும், நீரின்மேல் வீடு கட்டியதுபோல நிற்கும் கப்பல்களும் தெரியும். சுருளின் வழியாக வலது கண்ணால் பார்த்து, "பெரியம்மா, செவப்புக் கப்பல்!" என்று கூவினாள். நான் எந்தத் திட்டமும் இல்லாமல் சுருளை வாங்கி அவளுடைய இடது கண்ணில் வைத்து, மற்றதை என் உள்ளங்கையால் மூடினேன்.

அவள் சுருளை அப்படியும் இப்படியும் திருப்பினாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தக் கொழாய்ல கப்பல் இல்ல பெரியம்மா. வேற குடு."

வேறொரு சுருள் கொடுத்தேன். அதிலும் கப்பல் இல்லை. மூன்றாவது கேட்டாள். குறை குழாயில்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கண் எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கிறது. கண் என்றால் ஒன்று பார்க்கும், ஒன்று பார்க்காது என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். எந்தக் குழந்தையும் தனக்குப் பார்வை குறைவு என்று வந்து சொல்வதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் வேறு பார்வை கிடையாது. நான் சுருள்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமனாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபத்தைவிட மோசமான ஒரு பொறுமையோடு கேட்டுக்கொண்டார்.

"எம்மா, நீ படிச்சவ. இல்லங்கல. அதுக்காவ வீட்டுக்கு வந்த லெச்சுமிய நோயின்னு சொல்லுவியா? ஆராவது கேட்டா சிரிப்பாவ."

"நோயில்ல மாமா. ஒரு கண்ணு தெரியல. டாக்டர்ட்ட காட்டணும்."

"ஒரு கண்ணு தெரியுதுல்லா?" என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்டு என் கணவர் செய்தித்தாளை மடித்தார். மடித்துவிட்டு மறுபடியும் விரித்தார். கொழுந்தன் கைபேசியில் எதையோ பார்த்தார். குழந்தையின் தாய் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னால் போனபோது குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

"அக்கா, எனக்கும் மனசுல இருந்துச்சு. ஊசில நூல் கோக்குத மாதிரி வெளையாடும்போது ஒரு கண்ண மூடிக்கிடுதா. கேட்டா என்ன சொல்லுவாவளோன்னு இருந்தேன். நீங்க வாரியளா? போவோம்."

கொழுந்தனும் கூட வந்தார். அவரை அனுப்பியது மாமனார். எதற்கு என்பது அங்கே போனபிறகு தெரிந்தது.

நகரத்திலுள்ள கண் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர். கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். குழந்தை அழாமல் இருக்கத் தன் மேசையிலிருந்த ரப்பர் முத்திரையைக் கையில் கொடுத்திருந்தார். பிறகு எங்களிடம் சொன்னார்:

"ரெண்டு கண்ணும் மூளைக்கு ஆளுக்கொரு படம் அனுப்புது. திரும்பின கண்ணுலேருந்து வர்ற படத்தை மூளை வேண்டாம்னு தள்ளிடும். தள்ளித் தள்ளி, அந்தக் கண்ணால பார்க்கவே அதுக்குத் தெரியாமப் போயிடும். சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவோம். கண்ணு கெட்டுப்போகல. பழக்கம் இல்ல. இந்த வயசுல பழக்கினா பெரும்பாலும் பார்வை வரும். வயசு ஏற ஏறக் கஷ்டம்."

"நான் சோம்பேறியா?" என்று குழந்தை கேட்டாள்.

"நீ இல்லம்மா, அது மட்டும்தான். நாம அதை எழுப்பிடலாம்," என்றார் மருத்துவர்.

பிளஸ் பவரில் ஒரு கண்ணாடி. விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும். அதோடு, தினமும் காலையில் சில மணி நேரம் நல்ல கண்ணைப் பசையுள்ள ஒட்டுப் போட்டு மூட வேண்டும். அப்போதுதான் மற்றது வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். கண்ணாடி போட்டிருக்கும்வரை திரும்பிய கண்ணும் பெரும்பாலும் நேராகிவிடும் என்று மருத்துவர் சொன்னதும் கொழுந்தன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"டாக்டர், பார்வ மட்டும் வரட்டும். மாறுகண்ணு அப்பிடியே இருந்துக்கிடட்டும். அதத் தொடாம செய்ய முடியுமா?"

மருத்துவரின் பேனா நின்றது. அவர் முதலில் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தகப்பன் கேலி செய்யவில்லை, குழம்பவும் இல்லை. தெளிவாக, பணிவாக, ஒரு சட்டைக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட மிக அசிங்கமான வாக்கியம் அதுதான். அதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது.

கண்ணாடி வந்தது. போட்ட சிறிது நேரத்தில் கண் நேராக நின்றது. குழந்தை என் முகத்தைப் பார்த்து, "பெரியம்மா, ஒங்க மூக்குல ஓட்ட ஓட்டையா இருக்கு," என்றாள். அவளுடைய தாய் சிரித்துக்கொண்டே அழுதாள். கூடத்தில் மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் வந்து கேட்பதுபோலப் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து கேட்டார்கள். "களையே போயிட்டே அண்ணாச்சி," என்றார் ஒருவர். கண்ணாடியைச் சற்றே கழற்றி, கண் மறுபடி உள்ளே திரும்புவதைப் பார்த்தபின், "இருக்கு, இருக்கு," என்று ஆறுதல் சொன்னார். பிறகு கண்ணாடியை அவரே மாட்டிவிட்டார். வில்லைகளில் அவருடைய விரல் எண்ணெய் படிந்திருந்தது.

மறுநாளே மாமனார் சமாதானமாகிவிட்டது எனக்கு வியப்பாக இருந்தது. கண்ணாடியோடும் ஒட்டோடும் கடைக்கு அனுப்பலாம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். காலையில் அவளுடைய தாய் ஒட்டுப் போட்டுக் கண்ணாடி மாட்டி அனுப்புவாள். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது இரண்டும் முகத்தில் இருக்கும். ஒட்டின் ஓரம் மட்டும் சில நாள் அழுக்கேறி, கயிற்று நார் ஒட்டிச் சுருண்டிருக்கும். வியர்வை என்று நினைத்தோம்.

சில மாதங்கள் கழித்து மருத்துவர் சோதித்தார். இடது கண்ணின் பார்வை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் ஏட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி சோதித்தார். "ஒட்டு தினமும் போடுறீங்களா?" என்று தாயிடம் கேட்டார். அவள் வாயெடுப்பதற்குள் குழந்தை பதில் சொன்னாள்.

"கடையில தாத்தா எடுத்துருவாவ. கண்ணாடியும். சோறு திங்க வரும்போதுதான் திரும்ப ஒட்டுவாவ. அம்மாட்டச் சொல்லக்கூடாதுன்னாவ."

மருத்துவர் மெதுவாகச் சொன்னார்: "இது திரும்பக் கிடைக்காத நேரம்மா."

எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குள் ஏறுவது வழக்கமில்லை. புட்டி கொடுக்கப் போனால்கூட நான் வாசலில் நின்று மேசைமேல் எட்டி வைப்பேன். அன்று குழந்தையின் தாய் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். வாங்க வந்த இரண்டு பேர் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"ஒட்ட எங்கன வைப்பாவ தாயி?" என்று மகளிடம் கேட்டாள்.

குழந்தை கல்லாப்பெட்டியின் பக்கப் பலகையைக் காட்டினாள். குனிந்து பார்த்தோம். முட்டை வடிவப் பசைத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து சாம்பல் நிறமாகிக் கிடந்தன. அவற்றில் சணல் நார், மீன் செதில், ஓர் ஈயின் இறக்கை. ஒரு தடத்தில் மிக மெல்லிய, வளைந்த இமைமுடி ஒன்று. தினந்தோறும் அவளுடைய கண்ணிலிருந்து பிய்த்து இங்கே ஒட்டி, மதியம் இங்கிருந்து பிய்த்து மறுபடியும் அவளுடைய கண்ணில் ஒட்டியிருக்கிறார்கள்.

"ஏளா, பொம்பளைக்குக் கடையில என்ன சோலி?" என்றார் மாமனார்.

"எம்பிள்ள கண்ண இங்கன ஒட்டி வச்சிருக்கியள்லா மாமா, அத எடுக்க வந்தேன்."

"வாடிக்கக்காரன் வந்து, மூடிக் கெடக்க கண்ணப் பாத்தா என்ன நெனப்பான்? காலைல கொஞ்ச நேரந்தானம்மா. சாயங்காலம் ஒட்டிக்கிடுங்களேன், ஆரு வேண்டாங்கா?"

கொழுந்தன் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா சொல்லுததும் சரிதான். எல்லாத்தையும் அனுசரிச்சுத்தான் போவணும்," என்றார்.

"சரி. இந்தாங்க ஒட்டு. நீங்க ஒரு கண்ணுல ஒட்டிக்கிட்டு நாளைக்குச் சரக்கு எறக்குங்க. சாயங்காலம் வரைக்கும் அனுசரிங்க பாப்போம்," என்று கணவரிடம் ஒன்றை நீட்டினாள்.

வாங்க வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "அண்ணாச்சி, மருமவ நல்லாப் பேசுதாவளே! ராசிக்காரி அம்மால்லா!" சிரித்துக்கொண்டே, பழக்கத்தில், குழந்தையின் முகவாய்க்குக் கையை நீட்டினார். தாய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஓங்கி அடிக்கவில்லை, சாப்பாட்டின் மேலிருந்து ஈயை ஓட்டும் அளவுக்குத்தான். ஆனால் கடைத்தெருவே பார்த்துவிட்டது.

அன்று மாலையே அவள் மகளோடு வேம்பாரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கண் பழகும்வரை வரமாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். சண்டை என்று தெருவில் பேசினார்கள். என் கணவர் முதன்முறையாகத் தகப்பனாருக்கு எதிரே ஒரு வாக்கியம் பேசினார்: "இருக்கட்டும்ப்பா, பிள்ள கண்ணு சரியாவட்டும்." பேசிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதற்கும் நான் நன்றியோடிருந்தேன். எங்கள் வீட்டில் நன்றிக்கு வேண்டிய அளவு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சாலைப் பேருந்தில் வேம்பாருக்குப் போவேன். முதல் வாரங்கள் கொடுமையாக இருந்தன. நல்ல கண்ணை மூடியதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அலறுவாள், ஒட்டைப் பிய்த்தெறிவாள். தாய் புதிதாக ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் சூடாக்கி, மறுபடியும் ஒட்டுவாள். அடிக்கவில்லை, ஆசை காட்டவில்லை. அவளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முறத்தில் துவரம்பருப்பையும் பாசிப்பயறையும் கலந்து, பச்சையைத் தனியே எடுக்கச் சொல்வாள். குழந்தை முகத்தை முறத்தோடு ஒட்டிக்கொண்டு தடவுவாள். பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாக முறத்தைவிட்டு உயர்ந்தது. அந்த உயரத்தை நான் வாராவாரம் கவனித்தேன்.

தெருப் பிள்ளைகள் அவளை ஒத்தக்கண்ணி என்று கூப்பிட்டார்கள். "உள்ள இன்னொண்ணு இருக்குலே, தூங்கிக்கிட்டு," என்று பதில் சொல்வாள். அவளுக்கு அவர்களிடம் கோபமே வரவில்லை. அவர்கள் கேலிதான் செய்தார்கள், யாரும் கும்பிடவில்லை.

கடையில் கும்பிடு நிற்கவில்லை. கண்ணாடி வருவதற்கு முன் எடுத்த ஒரு புகைப்படத்தை மாமனார் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். மூக்கைத் தேடும் அந்தக் கண்ணுக்கு மட்டும் கீழே சந்தனமும் குங்குமமும். முதலில் வருகிறவர்கள் அதைத் தொட்டு விரலைத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விரல் பட்டுப்பட்டு அந்த இடத்தில் சட்டத்தின் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. மேலே மாட்டிய படம் அழவில்லை, பிஸ்கட் கேட்கவில்லை, ஒட்டுப் போட வேண்டியதில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது எப்போதும் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தடுத்த சோதனைகளுக்குப் பிறகு மருத்துவர் அவளை ஒரு நாள் எழுத்துப் பலகைக்கு முன் நிறுத்தினார். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால், கைகளைப் பல திசைகளில் நீட்டிய குறிகள். வலது கண் மூடியிருக்க, இடது கண்ணால் மேலே பெரியதிலிருந்து தொடங்கினாள். தன் கையால் திசை காட்டிக்கொண்டே கீழே இறங்கினாள். நடுவரிசைகளைக் கடந்து, கடைசிக்கு மேலிருந்த ஒன்றில் தடுமாறி நின்றாள். முன்பு முதல் குறியே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நல்லா வந்திருக்கு," என்றார் மருத்துவர். "முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது. கொஞ்சம் காலம் போயிடுச்சு. ஆனா இந்தக் கண்ணை நம்பி இவ வாழ முடியும். ஒட்டை இன்னும் நிறுத்தாதீங்க."

நாங்கள் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தபோது குழந்தையின் தாயுடைய கைபேசி ஒலித்தது. மாமனார். கைகளில் குழந்தையின் சாமான்கள் இருந்ததால் பேச்சை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். எத்தனை வரி பார்த்தாள் என்று அவர் கேட்கவில்லை.

"எம்மா, கண்ணாடியக் கழட்டினா இப்பவும் மாறுதா?"

அவள் மகளைப் பார்த்தாள். "மாறுது மாமா."

மறுமுனையில் அவர் மூச்சை விட்டார். நிம்மதியான, நீண்ட, ஈரமான மூச்சு. "அப்ப நல்லது. தை பெறந்தா மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் புதுக்கட தெறக்கம்லா, அன்னைக்கு ஒரு அரமணி நேரம்..."

"கழட்ட மாட்டோம் மாமா," என்றாள் அவள். பேச்சைத் துண்டித்துவிட்டுக் கைபேசியை இடுப்புத் துணியில் அழுத்தித் துடைத்தாள். பிறகு பையிலிருந்து புது ஒட்டு ஒன்றை எடுத்து, பின்தாளை உரித்து, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கத் தொடங்கினாள்.